கண் துளிமருந்தும் மருந்துச் சிட்டையும்: ஒவ்வாமை மருந்துகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் அதனை மேதைகள் சிலரின் வாழ்க்கைக் கதையாகவோ, ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த கண்டுபிடிப்புகளின் அட்டவணையாகவோ அமைத்துவிடுகின்றனர். இலக்கிய வரலாற்றிலே புலவர் வரிசையை மட்டும் கூறி, அவர் பாடிய சமூகத்தை மறந்துவிடும் போக்கினை நாம் நன்கறிவோம். மருந்தின் வரலாற்றிலும் அதே குறைபாடு உண்டு. ஒவ்வாமையினாற் சிவந்து, அரிப்பெடுத்து, நீர் வடியும் கண்ணுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் துளிமருந்து மிகச் சிறிய பொருள். ஐந்து மில்லிலீற்றர் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் போத்தல். ஆயினும் அதனை வைத்தியரின் சிட்டையுடன் மட்டுமே பெறலாமா, கடையிற் கேட்டு வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடு எவ்வாறு வரையப்பட்டது, யாரால் நகர்த்தப்பட்டது என்று வினவும்போது, மருந்தியல் மாத்திரம் விடை தருவதில்லை. கண்ணைக் காக்கும் நோக்கமும் விலையைக் காக்கும் நோக்கமும் அந்தக் கோட்டிலே பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். 1819 ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரொக் என்ற வைத்தியர் லண்டன் மருத்துவச் சங்கமொன்றிலே ஓர் அறிக்கையை வாசித்தார். ஆண்டுதோறும் கோடையிலே கண்ணையும் மார்பையும் தாக்கும் ஒரு பிணியைப் பற்றியது அது. நோயாளி வேறு யாருமல்லர்; அவரேதான். அறிக்கையின் தலைப்பிலே கண் முதலிலும் மார்பு அடுத்தும் குறிக்கப்பட்டிருந்தமை நமது பொருளுக்கு முக்கியமானது. குருதி வாங்குதல், அபின், இரசம் முதலிய அக்காலச் சிகிச்சைகள் பலவற்றைத் தம்மீதே சோதித்தும் அவர் பயன் கண்டிலர். 1828 இல் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையில் 28 நோயாளரைப் பற்றிக் கூறிய அவர், இப்பிணி நடுத்தர, மேல் வகுப்பினரிடமே காணப்படுவதாகவும் ஏழைகளிடம் தாம் கண்டதில்லை என்றும் எழுதினார். ஏழைகளின் கண்கள் அரிக்கவில்லையா, அன்றி அரித்த கண்களோடு அவர்கள் வைத்தியரிடம் போகவில்லையா என்ற வினா அக்கட்டுரையில் எழவில்லை.

மக்கள் இதனை 'ஹே ஃபீவர்' என்றழைத்தனர். தமிழில் 'வைக்கோற் காய்ச்சல்' என மொழிபெயர்த்து வழங்குகின்றோம். வைக்கோல் நெல்லின் தாள்; ஆங்கிலேயர் குறித்ததோ கால்நடைகளுக்கென வெட்டி உலர்த்திய புல். காய்ச்சலும் இந்நோயில் இல்லை. இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு கலைச்சொல்லாக நிலைத்துவிட்டன என்பது மொழிபெயர்ப்போர் நினைவிற் கொள்ளத்தக்கது. 'ஒவ்வாமை' என்பது அவ்வாறன்று. கிளெமன்ஸ் வொன் பிர்க்கே 1906 இல் வியன்னாவிலே ஆக்கிய 'அலர்ஜி' என்ற சொல், மாறுபட்ட எதிர்வினை என்பதையே சுட்டியது; நமது சொல் உடலுக்கும் புறப்பொருளுக்கும் இடையிலான உறவைச் சுட்டுவது. இரண்டாவதே கூடுதல் தெளிவுடையது என்பது எமது கருத்து.

பிணிக்குக் காரணம் மகரந்தமே என நிறுவியவர் மான்செஸ்ரரைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹரிசன் பிளாக்லி. 1859 இல் ஆய்வினைத் தொடங்கிய அவர், மகரந்தத்தைத் தம் கண்ணிலும் மூக்கிலும் தோலிலும் இட்டுச் சோதித்தார். பட்டங்களை ஏற்றி, உயரத்திற் காற்றிலே மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்தார். அவரது நூல் 1873 இல் வெளிவந்தது. மகரந்தத்தின் நடுவிலேயே வாழும் விவசாயிகளுக்கு இந்நோய் அரிதாகவும், நகரத்துக் கற்றோருக்கு மிகுதியாகவும் இருப்பதை அவர் ஒரு புதிராகக் கண்டார். கிராமத்து மக்கள் ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்ததையும் வேளாண்மையில் ஏற்பட்ட மாற்றங்களையும் அதனோடு தொடர்புபடுத்தவும் முயன்றார். அதே மான்செஸ்ரரில் 1870 வரை வாழ்ந்தவர் பிரெடரிக் ஏங்கெல்ஸ். ஆலைப் புகையினுள் நின்று ஒருவர் தொழிலாளரின் நிலையையும், மற்றவர் புல்லின் மகரந்தத்தையும் ஆராய்ந்தனர். இருவரும் சந்தித்ததாகச் சான்றில்லை. எனினும் கைத்தொழிற் புரட்சி மனித உடலில் எழுதிய குறிப்புகளையே இருவரும் வாசித்தனர் எனலாம்.

பிளாக்லி எழுப்பிய சமூக வினாவை அவர் காலத்து மேட்டுக்குடியினர் தமக்குரிய முறையில் தீர்த்துக்கொண்டனர். தும்மலும் கண்ணீரும் நாகரிக முதிர்ச்சியின் அடையாளமாயின. மொறெல் மக்கென்சி போன்ற புகழ்பெற்ற வைத்தியர் அதனை ஆங்கில இனத்தின் மேன்மைக்குச் சான்றாகவே காட்டினார். ஐக்கிய அமெரிக்காவிலே 1874 இல் இந்நோயாளருக்கென ஒரு சங்கம் தோன்றியது; நியூ ஹாம்ப்ஷயர் மலைகளிலே கோடையைக் கழிக்க வசதியுடையோரே அதில் உறுப்பினராயினர். நோயும் ஒரு வர்க்கச் சின்னமாகப் பயன்படக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அடுத்த அரை நூற்றாண்டினை விரைந்து கடக்கலாம். ஹம்பேர்க் நகரில் வில்லியம் டன்பார் என்பார் குதிரைகளுக்கு மகரந்தத்தை ஊசியேற்றிப் பெற்ற சீரத்தை 1903 அளவில் 'பொல்லன்ரின்' என்ற பெயரிற் கண்ணுக்குத் துளியாக இட அறிமுகஞ் செய்தார். நன்கு விற்பனையான அது நாளடைவில் மறைந்தது. 1910 இல் ஹென்றி டேலும் அவருடைய சகாக்களும் ஹிஸ்ரமீனின் செயல்களை விளக்கினர். 1911 இல் லண்டனில் லெனார்ட் நூன், மகரந்தக் கரைசலை நோயாளியின் கண்ணில் இட்டு, எச்செறிவிலே கண் சிவக்கின்றது என்பதைக் கொண்டு நோயின் கடுமையை அளந்தார். கண் அவருக்கு ஓர் அளவு கருவியாகியது. 1937 இல் பாரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தில் டானியல் போவேயும் ஆன்-மரீ ஸ்ரௌப்பும் ஹிஸ்ரமீனை எதிர்க்கும் முதற் சேர்வைகளைக் கண்டனர். 1940களின் இறுதியளவில் அன்ரசோலின் என்னும் எதிர்ஹிஸ்ரமீனும், குருதிக் குழாய்களைச் சுருக்கும் நபசோலினும் கண் துளிகளாயின. பின்னையது சிவப்பை விரைவில் நீக்கும். மருந்து ஓய்ந்ததும் சிவப்பு முன்னிலும் கூடித் திரும்பும். திரும்பிய சிவப்புக்கு மீண்டும் அதே துளி. தன் தேவையைத் தானே உற்பத்தி செய்யும் பண்டம் என இதனைக் கூறுவது மிகையன்று.

இவ்விடத்தில் சட்டத்தை நோக்குதல் அவசியம். 1930களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச்சாயம் விற்கப்பட்டது. அதிலிருந்த நிலக்கரித்தார்ச் சாயப்பொருள் சில பெண்களின் இமைகளிலும் கருவிழியிலும் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தியது; பார்வை இழந்தோர் உளர், இறந்தவரும் ஒருவர் உளர். அதனைத் தடுக்க அப்போது அரசுக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஏனெனில் 1906 ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருள்களைத் தீண்டவில்லை. சீர்திருத்தம் கோரியோர் அப்பெண்களின் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். 1937 இல் நச்சுக் கரைப்பானிற் செய்யப்பட்ட ஒரு சல்பா மருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பின்னரே, 1938 இல் புதிய உணவு, மருந்து, அழகுப்பொருட் சட்டம் நிறைவேறியது. அதன் திருத்தமாக 1951 இல் வந்த டர்ஹம்-ஹம்ப்ரி சட்டமே, சிட்டையோடு மட்டும் விற்கத்தக்கவை, சிட்டையின்றி விற்கத்தக்கவை என மருந்துகளைச் சட்டப்படி இருகூறாக்கியது. ஆகவே நாம் ஆராயும் கோடு மக்களின் துயரத்திலிருந்தும் போராட்டத்திலிருந்தும் பிறந்தது. அதனை வெறும் முதலாளித்துவச் சூழ்ச்சியென ஒதுக்குவது வரலாற்றுக்கு மாறானது. பின்னர் அது எவ்வாறு கையாளப்பட்டது என்பது வேறு கதை.

அக்கோடு மெய்யாகவே தேவைப்பட்ட மருந்து ஸ்ரெரோயிட். 1948 இல் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கோர்ட்டிசோனை ஏற்ற, படுக்கையிற் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் கண் வைத்தியரும் அதனைக் கையாளத் தொடங்கியிருந்தனர். எருதின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட இரசாயனப் படிகளின் ஊடாகப் பெறப்பட்ட அம்மருந்தின் விலை தங்கத்தை நிகர்த்தது. அவ்விலையை வீழ்த்தியது மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கு. ரசல் மார்க்கர் 1940களில் அக்கிழங்கு வகைகளிலிருந்து ஹோர்மோன்களை ஆக்கும் வழியைக் கண்டார். 1952 இல் அதிலிருந்து நுண்ணுயிர்களின் துணையோடு கோர்ட்டிசோன் செய்யும் முறை அமெரிக்கக் கம்பனியொன்றிற் கைகூடியது. 'பர்பாஸ்கோ' எனப்பட்ட கிழங்கை வெராகுரூஸ், ஒஹாகா மாநிலங்களின் ஏழை விவசாயிகள் காடுகளிலிருந்து தோண்டி முதுகிற் சுமந்து வந்து கிலோக் கணக்கில் விற்றனர். அது எதற்குப் பயன்படுகின்றது என்பதை அவர்களிற் பலர் அறியார். 1975 இல் மெக்சிக்கோ அரசு அவ்வர்த்தகத்தைத் தன் கைப்படுத்த 'புரோக்கிவேமெக்ஸ்' என்ற அரச நிறுவனத்தை அமைத்தது. அதற்குள் கம்பனிகள் வேறு மூலப்பொருள்களை நாடத் தொடங்கிவிட்டன.

ஸ்ரெரோயிட் துளி அரிப்பை அடக்கும் வேகம் வியப்பிற்குரியது. ஆபத்தும் அங்கேயே உள்ளது. 1950களிலேயே ஐயம் எழுந்தது. 1960களில் ஆமலி, பெக்கர் முதலியோரின் ஆய்வுகள் வாரக்கணக்கிற் பயன்படுத்தும்போது மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதையும், ஒரு சிறு பகுதியினருக்கு மிகக் கூடுதலாக உயர்வதையும் காட்டின. உயர்ந்த அழுத்தம் நோவின்றியே பார்வை நரம்பை அரிக்கும்; அதுவே குளுக்கோமா. நீடித்த பாவனை வெண்புரையையும் உண்டாக்கும். நோயாளி உணர்வதோ நிவாரணம் ஒன்றையே. அளந்து பார்ப்பதற்கு வைத்தியர் ஒருவர் வேண்டும். சிட்டை வேண்டியது அதற்காகவே.

வெப்ப நாடுகளில் இதன் விளைவு கொடியதாயிற்று. சிறுவரை, சிறப்பாக ஆண்பிள்ளைகளை, ஆண்டுக்கணக்கில் வாட்டும் கடுமையான ஒவ்வாமைக் கண்ணழற்சியொன்று உண்டு. ஐரோப்பியர் அதனை 'வசந்தகால' அழற்சி என்றனர். வசந்தம் என்றொரு பருவமே உணரப்படாத நாடுகளில் அது ஆண்டு முழுதும் நீடிக்கின்றது. பெயர் மட்டும் ஐரோப்பாவின் நாட்காட்டியைச் சுமந்து நிற்கின்றது. அத்தகைய பிள்ளையின் தாய், ஒருமுறை கிடைத்த துளி நன்கு வேலை செய்தமையால், வெற்றுப் போத்தலைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்குகிறாள். வைத்தியரைக் காண ஒருநாட் கூலியை இழக்க வேண்டும், போத்தலோ மலிவு. இவ்வாறு பார்வையிழந்த பிள்ளைகளைப் பற்றித் தென்னாசியாவிலும் ஆபிரிக்காவிலும் கண் வைத்தியர்கள் தொடர்ந்து எழுதி வந்துள்ளனர். தாயின் அறியாமை என இதனைக் கூறி முடிப்பது எளிது. சிட்டை இல்லாது விற்கக்கூடாத மருந்து எந்நாடுகளிலே சிட்டையின்றி விற்கப்படுகின்றதோ, அந்நாடுகளிலேயே வைத்தியரை அடைதலும் அரிதாயிருக்கின்றது என்பதே நாம் காணவேண்டிய உண்மை.

ஸ்ரெரோயிட்டுக்கு மாற்றாக வந்த மருந்துகளுள் முதன்மையானது குரோமோகிளைக்கேற். அதன் வரலாற்றில் இலக்கிய மாணவருக்குச் சுவை தரும் ஒரு செய்தி உண்டு. அதனை உருவாக்கிய ரோஜர் அல்தூனியன், சிரியாவில் 1922 இற் பிறந்த ஆர்மேனிய-ஆங்கிலக் குடும்பத்தவர். அவர் குடும்பத்தார் அலெப்போவிலே வைத்தியசாலை நடத்தினர். ஆதர் ரான்சம் 1930 இல் வெளியிட்ட சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்ற சிறுவனுக்கு முன்மாதிரி இவரே. தாமே ஆஸ்மா நோயாளியான அவர், பிரித்தானிய மருந்துக் கம்பனியொன்றிற் பணியாற்றியபடி, கினிப்பன்றியின் உரோமத்திலிருந்து செய்த கரைசலைச் சுவாசித்துத் தமக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கி, நூற்றுக்கணக்கான சேர்வைகளைத் தம் உடலிலேயே சோதித்தார். அவற்றின் மூலம் எகிப்திய மக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட 'கெல்லா' என்னும் மூலிகை. 1965 இற் கிடைத்த சேர்வை, 1878 இல் பவுல் ஏர்லிக் இனங்கண்டிருந்த மாஸ்ற் கலங்களிலிருந்து ஹிஸ்ரமீன் வெளிப்படுவதைத் தடுப்பதாயிற்று. முதலில் ஆஸ்மாவுக்கு வந்தது, பின் கண் துளியாகியது. ஐக்கிய அமெரிக்கா 1984 இல் அதனை அனுமதித்தது. பாதுகாப்பானது, ஆனால் நாளுக்கு நான்கு வேளை, அரிப்புத் தொடங்குமுன்பே இட்டுவரல் வேண்டும். ஆலையிலோ வயலிலோ வேலை செய்வோர் வாழ்க்கை அத்தகைய ஒழுங்கிற்கு இடந்தருவதில்லை.

இவ்விரு செயல்களையும், அதாவது ஹிஸ்ரமீனை எதிர்த்தலையும் மாஸ்ற் கலத்தை அடக்குதலையும், ஒன்றிணைத்த ஒலோபற்றடீன் ஜப்பானியக் கம்பனியொன்றிலே தோன்றியது. ஜப்பானுக்கு அதன் தேவை எவ்வாறு எழுந்தது? போரினால் மொட்டையாகிய மலைகளில் 1950களிலும் 1960களிலும் அரசு விரைந்து வளரும் 'சுகி' என்னும் சீடர் மரத்தைப் பரந்தளவில் நடச்செய்தது. 1964 இல் மர இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. தென்கிழக்காசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மலிவான மரத்தோடு போட்டியிட இயலாமல், மலைக் கிராமங்களின் இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். மரங்கள் வெட்டப்படாமல் முதிர்ந்தன. முதிர்ந்த சுகியே மகரந்தத்தை மிகுதியாகச் சொரிவது. 1960களின் முற்பகுதியில் நிக்கோ நகரத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட சுகி ஒவ்வாமை, 2019 அளவில் ஜப்பானியரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வரைப் பற்றியிருந்தது. 2023 இல் அரசு அத்தோட்டங்களைப் பத்தாண்டுகளில் ஐந்திலொரு பங்கால் குறைப்பதாக அறிவித்தது. மகரந்தம் இயற்கையானது, அத்தனை மகரந்தம் இயற்கையானதன்று. வர்த்தகக் கொள்கையொன்று கோடிக்கணக்கானோரின் கண்களில் வந்து விழுந்தது எனலாம்.

ஒலோபற்றடீன் ஐக்கிய அமெரிக்காவில் 1996 இன் இறுதியில் 0.1 வீதச் செறிவில், நாளுக்கு இருவேளை இடும் சிட்டை மருந்தாக அனுமதி பெற்றது. 2004 இல் 0.2 வீதம், ஒருவேளை. 2015 இல் 0.7 வீதம், ஒருவேளை. ஒவ்வொன்றும் புதிய பெயருடன், புதிய ஆக்கவுரிமைகளுடன் வந்தது. நாளுக்கொருமுறை என்பது நோயாளிக்கு நன்மையே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் பழைய உரிமை முடிவுறும் வேளையையொட்டி மூன்றாவது செறிவு தோன்றியமை தற்செயல் எனக் கொள்வது கடினம். 2020 பெப்ரவரியில் முதலிரு செறிவுகளும், அவ்வாண்டு நடுப்பகுதியில் மூன்றாவதும் சிட்டையின்றி விற்கப்படலாயின. அதற்குள் முதலிரண்டினதும் மலிவான பொதுப்பெயர்ப் போத்தல்கள் சந்தைக்கு வந்திருந்தன. இருபத்துமூன்று ஆண்டுகளாக வைத்தியரின் கண்காணிப்பு வேண்டப்பட்ட அதே மூலக்கூறு திடீரெனப் பாதுகாப்பானதாகிவிட்டதா? நீண்டகாலப் பாவனை தந்த சான்றுகள் ஒரு காரணமாகலாம். ஆனால் அதுமட்டுமே காரணமன்று என்பதற்கு லொரற்றடீன் மாத்திரையின் கதை சான்று பகரும். 1998 இல் அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியொன்று அதனைச் சிட்டையின்றி விற்க அனுமதிக்குமாறு அரசிடம் மனுச் செய்தது. தன் செலவைக் குறைப்பதே அதன் நோக்கம். 2001 இல் நிபுணர் குழு அம்மருந்து அவ்வாறு விற்கப் போதிய பாதுகாப்புடையது என்றது. கனடாவில் அப்போதே அது சிட்டையின்றிக் கிடைத்தது. உற்பத்திக் கம்பனியோ எதிர்த்தது. ஆக்கவுரிமை முடியும் 2002 இல் அதே கம்பனி தானே அம்மாற்றத்தைக் கோரிப் பெற்றது. இங்கே சிட்டை காத்தது நோயாளியையா, விலையையா என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இடையில் ஒரு சிறு கணக்கு. மனிதக் கண்ணின் கீழிமைப் பை ஏறத்தாழ 30 மைக்குரோலீற்றர் திரவத்தையே தாங்கும். அதிலும் ஒரு பகுதி கண்ணீர். கம்பனிகளின் போத்தல்களிலிருந்து விழும் துளிகள் பெரும்பாலும் அதனிலும் பெரியவை. எஞ்சியது கன்னத்தில் வழிகின்றது. அல்லது மூக்கிற்கு வடிகின்றது. துளியிட்டபின் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்துமாறு வைத்தியர் கூறுவது இதனாலேயே. கன்னத்தில் வழிந்ததற்கும் நோயாளியே விலை கொடுக்கிறான்.

இலங்கையில் இவ்வினாக்களை அரசியற் பொருளாதார அடிப்படையில் முதன்முதலாக எழுப்பியவர் பேராதனையிலே மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக்க பிபிலே. இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த அவரும் கம்யூனிஸ்ற் கட்சித் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையின்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. தனியார் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திர முறையாற் கொள்விலை வீழ்ந்தது. வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயர் வலியுறுத்தப்பட்டது. ஒரே சேர்வை பல பெயர்களிற் பல விலைகளில் விற்கப்படுவதற்குச் சிட்டையில் எழுதப்படும் பெயரே வாயில் என்பதை பிபிலே கண்டார். சிட்டையை ஒழிக்க அவர் கேட்கவில்லை. அதன்மீதிருந்த கம்பனியின் கையை அகற்றவே முனைந்தார். 1977 இன் ஆட்சிமாற்றமும் திறந்த பொருளாதாரமும் அம்முயற்சியின் பெரும்பகுதியைப் பின்தள்ளின. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிபிலே கயானாவிற் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இலங்கையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

பொதுப்பெயர்க் கொள்கையை ஆதரிப்போர் அதன் மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்கவேண்டும். 2023 இல், பொருளாதார நெருக்கடியின் பின்னணியில், இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட பிரெட்னிசொலோன் கண் துளியைப் பாவித்த நோயாளர் பலர் தொற்றுக்குள்ளாகினர். சிலர் பார்வையை இழந்தனர். அவர்கள் வெண்புரைச் சத்திரசிகிச்சை பெற்று அரச வைத்தியசாலைகளில் வைத்தியரின் மேற்பார்வையில் அம்மருந்தைப் பெற்றவர்கள். மலிவான மருந்துக்கு எதிரான வாதமாக இதனை எடுத்தாள்வது எளிது. பிபிலேயின் திட்டமோ மலிவையும் தரப்பரிசோதனையையும் ஒன்றாகவே கேட்டது. ஒன்றை ஏற்று மற்றதற்கு நிதி ஒதுக்காத அரசுகளின் பொறுப்பைப் பொதுப்பெயரின்மீது சுமத்துதல் நியாயமன்று. கண்ணில் இடும் துளியைப் பொறுத்தவரை இது மேலும் கூர்மையானது: விழுங்கும் மாத்திரையில் சிறிதளவு மாசினைக் குடல் தாங்கிக்கொள்ளலாம், கத்திபட்ட கண் தாங்காது. போத்தல் வந்திறங்கும் துறைமுகத்திற்கும் அது திறக்கப்படும் வாட்டுக்கும் இடையே, அதன் கிருமியற்ற தன்மையைச் சோதிக்கும் ஆய்வுகூடங்கள் எத்தனை இருக்கவேண்டும், அவற்றில் எத்தனை பேர் பணியாற்றவேண்டும் என்பன இன்று வரவுசெலவுத் திட்ட விவாதங்களிற் கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.